குழலுக்குள் என்ன இருந்தது?

துப்பாக்கி வழக்கு நடத்தியிருக்கிறேன் என்று வெளியூரில் சொன்னால், கேட்பவர் மனத்தில் கொலையும் கூலிப்படையும்தான் ஓடும். திண்டிவனம், வானூர் பக்கத்து வக்கீலுக்குத் துப்பாக்கி வழக்கு என்பது பெரும்பாலும் மல்லாட்டை (நிலக்கடலை) வழக்கு. செம்மண் மேட்டில் மல்லாட்டை போட்டவனுக்கு விதைத்த நாளிலிருந்து பிடுங்குகிற நாள் வரை தூக்கம் கிடையாது. முளையை மயில் கொத்தும். காய் பிடித்ததும் பன்றிக் கூட்டம் இறங்கி ஒரே ராத்திரியில் அரைக் காணியைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போகும். அதற்காக வீட்டில் ஒரு நாட்டுத் துப்பாக்கி, அதற்கு ஓர் உரிமப் புத்தகம், அந்தப் புத்தகத்தில் பயிர்ப் பாதுகாப்புக்காக என்று ஒரு வரி. நான் சொல்லப்போகும் வழக்கு அந்த வரியிலிருந்து கிளம்பியதுதான்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தை எழுதியவர்கள் இந்த விவசாயியை மறக்கவில்லை. கைத்துப்பாக்கியோ ரைஃபிளோ கேட்பவன் தனக்கு அது ஏன் வேண்டும் என்று அதிகாரியைத் திருப்திப்படுத்த வேண்டும். உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக, குழலின் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைக் கேட்பவனுக்கோ, சட்டம் தனியாகச் சொல்லியிருக்கும் மறுப்புக் காரணங்கள் எதுவும் இல்லாவிட்டால், உரிமம் வழங்கியே ஆக வேண்டும். 13ஆவது பிரிவு அப்படித்தான் இருக்கிறது. ஆனால் 13 ஆண்டுகள் கழித்து, 1972இல், வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பன்றி பயிரை அழித்தாலும் தலைமை வனவுயிர்க் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோ எழுத்தில் அனுமதி தராமல் அதைக் கொல்லக் கூடாது. மனித உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு ஒரு மிருகத்தைக் கொன்றால் குற்றமில்லை. மல்லாட்டையைக் காக்க என்றால் அந்த விலக்கு செல்லாது. ஆக, ஒரு சட்டம் அவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்தது. இன்னொரு சட்டம் சுடுவதற்கு ஒரு பிராணியையும் மிச்சம் வைக்கவில்லை. இரண்டையும் சேர்த்து வாசித்தால் அவனுக்கு மிஞ்சுவது சத்தம் மட்டும்தான். மருந்தைப் போட்டு, அடைப்பைக் கெட்டித்து, குண்டே போடாமல் வெடித்துப் பன்றியை விரட்டலாம்.

இதைப் புரிந்துகொள்ள அந்தத் துப்பாக்கியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குத் தோட்டா கிடையாது. குழலின் வாயில் கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரையோ கந்தைத் துணியையோ திணித்து, நீளமான இரும்புக் கம்பியால் இடித்து இறுக்குவார்கள். அதன்மேல் குண்டு, மறுபடி அடைப்பு. பின்பக்கம் சிறு மூக்குபோல நீட்டிக்கொண்டிருக்கும் குமிழில் ஒரு கேப்பைச் செருகினால் தயார். கொக்குக்கும் சிறகி வாத்துக்கும் கடுகு, மிளகு அளவு ஈய ரவை போடுவார்கள். பன்றிக்கு சைக்கிள் கடையில் கிடைக்கும் பால்ரஸ். ரவை என்றால் கைப்பிடி. பால்ரஸ் என்றால் ஒன்றோ சிலதோ. ஒருமுறை கெட்டித்துவிட்டால் உள்ளே இருப்பது என்ன என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. சுட்டுத்தான் காலி செய்ய வேண்டும், அல்லது முறுக்குக் கம்பியை விட்டு மெல்ல மெல்லப் பிடுங்க வேண்டும். பின்னது தெரிந்த கைகள் குறைவு.

ஊசுட்டேரியில் தமிழ்நாட்டுப் பக்கத்துப் பாதி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட 2015க்குப் பிறகு, கழுவெளிச் சதுப்பு நிலத்துக்கு அந்தப் பெயர் கிடைத்த 2021க்கு முன்பு நடந்தது இது. ஏரிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு விவசாயி. அறுபதைத் தாண்டியவர், கண்புரை. உரிமம் அவர் பெயரில், காலாவதி ஆகாமல், ஒழுங்காகப் புதுப்பித்து இருந்தது. ராத்திரிக் காவலுக்கு அவரால் முடியவில்லை. நரிக்குறவர் ஒருவரைக் காவலுக்கு வைத்தார். கூலி பணமாக இல்லை. பிடுங்கும்போது இத்தனை மூட்டை என்று பேச்சு. துப்பாக்கியைப் பொழுது சாய்ந்ததும் கொடுப்பார், விடிந்ததும் வாங்கி மூலையில் சாத்துவார். இந்தப் பக்கத்தில் அப்படிக் கைமாறாத துப்பாக்கியை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒருநாள் விடியலில் ஏரிக்கரைப் பாதையில் வந்த ரோந்துக்காரர்களிடம் காவல்காரர் சிக்கினார். தோளில் துப்பாக்கி, கெட்டித்த நிலையில். இடுப்புப் பையில் கரிமருந்து, கேப், பால்ரஸ் குண்டுகள். கையில் இருந்த சாக்குப்பையில் கழுத்தறுத்த இரண்டு சிறகிகள். மகஜர் எழுதப்பட்டது. அதில் குண்டுகள் என்றிருந்ததே தவிர, ஒவ்வொன்றின் அளவு இல்லை. கோழிப்பண்ணையும் கோழிக்கடையும் தெருவுக்குத் தெரு இருக்கிற காலத்தில் இரண்டு சிறகிக்காக ஒரு மனிதன் இப்படி மாட்டிக்கொள்வானா என்று நீங்கள் கேட்கலாம். அவர் வீட்டில் ஐந்து பிள்ளைகள் என்பதோடு அதை விட்டுவிடுகிறேன்.

ஒரு விடியல், இரண்டு வழக்குகள். பறவைக்கு ஒன்று, துப்பாக்கிக்கு ஒன்று. இரண்டுக்கும் சட்டம் வேறு, நடத்துகிற துறை வேறு, முடிகிற வழியும் வேறு.

முதலில் பறவை. அப்போதைய அட்டவணையில் சிறகி நான்காம் அட்டவணைப் பறவை; தண்டனை மூன்றாண்டு வரை போகலாம், ஆனால் குறைந்தபட்சம் என்று ஒன்றில்லை. பையில் இருந்தது ஓர் உடும்பாக இருந்திருந்தால் கதை வேறு. உடும்பு முதல் அட்டவணை. மூன்றாண்டுக்குக் குறையாத சிறை. அதேபோல, எந்தப் பிராணியானாலும் வேட்டை சரணாலயத்துக்குள் நடந்திருந்தால் அங்கேயும் குறைந்தது மூன்றாண்டு. ஆகவே கேள்வி, பறவை எங்கே விழுந்தது என்பதில் போய் நின்றது.

ஊசுட்டேரி தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் சிக்கல் புரியும். ஏரி ஒன்று, அரசாங்கம் இரண்டு. புதுச்சேரி தன் பங்கை 2008இலேயே சரணாலயமாக்கியது; வானூர் வட்டத்துப் பங்கு, சுமார் 332 ஹெக்டேர், ஏழாண்டு கழித்து. அந்தப் பக்கம் விழுந்த பறவைக்கு வேறு காப்பாளர், வேறு நீதிமன்றம். இந்தப் பக்கமோ, எல்லை சர்வே எண்களில் ஓடுகிறது. தண்ணீர் அந்த எண்களைப் பார்த்து நிற்பதில்லை. கார்த்திகை மழையில் பட்டா நிலத்துக்குள் வரும், சித்திரையில் சரணாலயத்தை விட்டு உள்வாங்கிவிடும். பறவைக்கும் அப்படித்தான். சிறகி பகலெல்லாம் ஏரியில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். இருட்டியதும் சீழ்க்கை அடித்துக்கொண்டு சுற்றுவட்ட நெல் வயல்களுக்குப் பறந்து ராத்திரி முழுக்க அங்கே மேயும். சரணாலயத்துப் பறவை தன் வாழ்நாளில் பாதியைச் சரணாலயத்துக்கு வெளியேதான் கழிக்கிறது.

விசாரித்த அலுவலர் நேர்மையானவர். ஆளைக் கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் காட்டச் சொன்னார். காவல்காரர் தயங்காமல் ஒரு நெல் வயலின் வரப்பைக் காட்டினார். பறவைக்கு அவர் வைத்த கண்ணியின் முளைக்குச்சிகூட அங்கே இருந்தது. பட்டா நிலம், எல்லைக்கு வெளியே. இப்படி, குறைந்தபட்சத் தண்டனை விதிக்கப்படாத குற்றத்தை, நீதிமன்றம் போகாமல் துறை அளவிலேயே ஒரு தொகை கட்டி இணக்கமாக முடித்துக்கொள்ள 54ஆவது பிரிவு வழி விடுகிறது; அப்போது உச்சவரம்பு 25,000 ரூபாய். அதைவிடக் குறைவான தொகைதான் விதித்தார்கள், அதை விவசாயியே கட்டினார். பறவை விஷயம் அத்தோடு முடிந்தது. இரண்டு உயிர்களைக் கொன்றதற்கான கணக்கு சில நாட்களில் தீர்ந்துவிட்டது. யாரையும் கொல்லாத இரும்புக் குழலுக்கான கணக்கு ஆண்டுக்கணக்கில் ஓடியது.

ஆயுதச் சட்டத்தில் உரிமம் என்பது துப்பாக்கிக்கு இல்லை, ஆளுக்கு. உரிமதாரர் பக்கத்தில் இருக்கும்போது அவருக்காக இன்னொருவர் சுமக்கலாம். பழுது பார்க்கவோ உரிமம் புதுப்பிக்கவோ அவருடைய எழுத்துச் சீட்டோடு எடுத்துப் போகலாம். அவர் வீட்டில் தூங்கும்போது அவருடைய வயலைக் காக்க எடுத்துப் போகலாம் என்று எங்கும் இல்லை. ஆகவே முதல் எதிரி காவல்காரர்: உரிமமின்றி வைத்திருந்த குற்றம், 25ஆவது பிரிவு, அன்றைய நிலையில் ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறை. (2019 டிசம்பரில் அதை இரண்டிலிருந்து ஐந்தாண்டு ஆக்கிவிட்டார்கள்.) இரண்டாம் எதிரி விவசாயி: தகுதி இல்லாதவரிடம் ஆயுதத்தைக் கொடுத்த குற்றம், 29ஆவது பிரிவு, குறைந்தபட்சம் கிடையாது, அபராதத்தோடு விடலாம். ஒரே துப்பாக்கி, ஒரே ராத்திரி. கொடுத்தவருக்கு இலேசு, வாங்கியவருக்குக் கனம். கொடுத்தவருக்கு நிலமும் புத்தகமும் இருந்தன. வாங்கியவரிடம் கூலிப் பேச்சு மட்டும்தான். சட்டம் இப்படி எழுதப்பட்டதற்குக் காரணம் உண்டு, கள்ளத் துப்பாக்கி வைத்திருப்பவனை நினைத்து எழுதியது அது. ஆனால் அதே வலையில் ராத்திரிக் காவலாளியும் விழுகிறான்.

எல்லா ஊரிலும் இதே கண்டிப்பு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். குடகு நாட்டில் குடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்போருக்கும் துப்பாக்கி உரிமமே தேவையில்லை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வரும் விலக்கு. அது சமத்துவத்துக்கு விரோதம் என்று போடப்பட்ட வழக்கைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல் தள்ளுபடி செய்தது; விலக்கு 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. வீரமும் மரபும் அங்கே காரணங்களாக ஏற்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கியும் கண்ணியும்தான் தொழில் என்றிருந்த நரிக்குறவருக்கு இங்கே அப்படி எந்தக் காரணமும் கைகொடுக்கவில்லை. பட்டியல் பழங்குடி என்ற தகுதியே 2023 ஜனவரியில்தான் அவர்களுக்குக் கிடைத்தது.

காவல்காரருக்கு ஜாமீன் கிடைத்தது. ஆனால் இரண்டு பிணையாளர் வேண்டும், இருவரும் சொத்து வரி ரசீது காட்ட வேண்டும். ஊசிமணி பாசிமணி விற்கிற சனத்தில் சொத்து வரி கட்டுகிறவரை எங்கே தேடுவது? உத்தரவு வந்த பின்னும் அவர் வேடம்பட்டு சிறையில்தான் இருந்தார். கடைசியில் விவசாயியின் மைத்துனரும், மல்லாட்டை கமிஷன் மண்டிக்காரர் ஒருவரும் கையெழுத்துப் போட்டார்கள். கூடவே எதிரியாக நிற்க வேண்டி வந்ததில் விவசாயிக்குக் கோபம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. “இவனுக்கு ஏன் சார் அந்தச் சிறகி?” என்று என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்டார். ஆனாலும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் தன் டிவிஎஸ் ஃபிஃப்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தது அவர்தான்.

விசாரணையில் முக்கியமான சாட்சி ஆயுதப்படைக் கிடங்கின் ஆர்மரர். துப்பாக்கியைச் சோதித்து, இயங்கும் நிலையில் இருக்கிறது என்று சான்று கொடுத்தவர். குறுக்கு விசாரணையில் நான் ஒன்றைப் பற்றித்தான் கேட்டேன்: உங்களிடம் வரும்போது துப்பாக்கி கெட்டித்திருந்ததா? ஆம். காலி செய்தீர்களா? செய்தேன். எப்படி? மணல் குழியில் சுட்டு. அதிலிருந்து என்ன வெளியே வந்தது? பார்க்கவில்லை. அவர் செய்ததில் தப்பே கிடையாது. கெட்டித்த துப்பாக்கியை எந்த அலமாரியிலும் வைக்கக் கூடாது, பாதுகாப்பான முறை அதுதான். ஆனால் குழலுக்குள் என்ன இருந்தது என்ற கேள்விக்கு விடை தெரிந்த ஒரே சாட்சி அந்த மணல் குழியில் புதைந்துவிட்டது.

அரசுத் தரப்பு வழக்கறிஞர், உள்ளே இருந்தது ரவை, பறவையைச் சுடத்தான் எடுத்துப்போனார் என்றார். நான், பையில் பால்ரஸ் மட்டுமே இருந்தது, அது பட்டால் சிறகியில் இறகுதான் மிஞ்சும், ஆகவே அது காவலுக்கான துப்பாக்கி என்றேன். பறவைகளைப் பார்த்த கால்நடை மருத்துவரின் சான்றில் அவை இறந்திருந்தன என்று இருந்தது, எதனால் என்று இல்லை, புதைத்தும் ஆகிவிட்டது. புதைக்காமல் ரவையை எடுத்திருந்தாலும் பெரிய பயன் இருந்திராது. ரைஃபிளின் குழலில் வரி இருக்கிறது, அது குண்டில் தடம் பதிக்கும். வரியில்லாத குழலிலிருந்து போகும் ரவை எந்தக் குழலிலிருந்து வந்தது என்று ஆய்வகத்தால் சொல்ல முடியாது. தோட்டா போடும் துப்பாக்கியானால் வெற்றுக் கூட்டின் பின்புறத்தில் ஊசி பட்ட தடமாவது கிடைக்கும். நாட்டுத் துப்பாக்கி அந்தத் தடயத்தையும் விட்டுவைக்காது.

எதிரியிடம் நீதிபதி நேராகக் கேட்கும் கட்டத்தில் காவல்காரரை உண்மையைச் சொல்லச் சொன்னேன். பறவைக் குற்றம் இணக்கமாக முடிந்துவிட்டதால் அதைப் பற்றிப் பேசுவதில் ஆபத்தில்லை என்பது என் கணக்கு. அவர் சொன்னார்: “சாமி, சுட்டா சத்தத்துல கூட்டமே எழும்பிப் போயிரும், ஒண்ணு கெடச்சா பெருசு. கண்ணி வச்சா சத்தமில்லாம விழும். மருந்து வெல என்னா சாமி, அத ஏன் நான் பறவைக்கு வீணாக்கறேன்?” கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. துப்பாக்கியில் என்ன போட்டிருந்தாய் என்று கேட்டதற்கு, “வெறும் மருந்துதான் சாமி. பன்னிக்குச் சத்தம் போதும். நிக்காம எதுத்து வந்தாத்தான் பால்ரஸ்” என்றார்.

சட்டம் அனுமதிக்கிற ஒரே நிரப்பு அதுதான் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. எனக்குத் தெரியும், அதை வைத்து நான் நீளமாக வாதாடினேன். நீதிபதி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “குழலுக்குள் ரவை இருந்தால் என்ன, பால்ரஸ் இருந்தால் என்ன, ஒன்றுமே இல்லாவிட்டால்தான் என்ன வக்கீல் சார்? கையில் உரிமம் இருந்ததா, அதைச் சொல்லுங்கள்” என்றார். குற்றத்தைத் தீர்மானிக்கும் அளவில் அவர் கேட்டது சரி. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது.

ஆனால் குழலுக்குள் என்ன என்று ஒருகாலத்தில் நம் சட்டமே கேட்டது. வனவுயிர்ச் சட்டத்தின் பழைய 17ஆவது பிரிவை இளைய வழக்கறிஞர்களில் பலர் வாசித்திருக்க மாட்டார்கள். இன்று அது புத்தகத்தில் இல்லை. உரிமம் வாங்கி வேட்டையாடலாம் என்றிருந்த அந்த 19 ஆண்டுகளில், பெரிய மிருகங்களை ரைஃபிளால் மட்டுமே சுட வேண்டும், ஷாட்கன் பயன்படுத்த வேண்டுமானால் உரிமத்தில் தனி அனுமதி வேண்டும், அப்போதும் ரவை கூடாது, ஒற்றைக் குண்டுதான் என்று அது சொன்னது. வண்டியிலிருந்து சுடாதே, விளக்கடித்துச் சுடாதே, தண்ணீர் குடிக்க வரும் இடத்தில் காத்திருந்து சுடாதே, இருட்டிய பின் சுடாதே. காரணம் எளிது. ரவை பட்ட மான் அங்கேயே சாகாது. உடம்பெல்லாம் ஈயத்தோடு ஓடிப்போய் எங்கோ புதரில் நாள்கணக்கில் கிடந்து சாகும். கொல்வதை அனுமதித்த சட்டம், எதைக் கொண்டு கொல்கிறாய் என்று கேட்டது. 1991 திருத்தத்தில் வேட்டை உரிமமே ஒழிந்தது, அதோடு அந்தப் பிரிவும் போயிற்று. ஒழித்தது நியாயம்தான். ஆனால் குண்டு பற்றிய கேள்வி அன்றோடு நம் வனச் சட்டத்திலிருந்து மறைந்துபோனது.

அதே 1991இல் அமெரிக்கா வேறு வழியில் போனது. அங்கே வாத்து வேட்டையை நிறுத்தவில்லை. நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையை நாடு முழுக்கத் தடை செய்தார்கள், எஃகு ரவை வந்தது. குறி தப்பிய ரவை ஏரியின் அடியில் தங்குகிறது. பல்லில்லாத பறவை தீனியை அரைக்கக் கூழாங்கல் விழுங்கும்போது அதையும் சேர்த்து விழுங்குகிறது; ஈயம் அரைபட்டு இரத்தத்தில் கலக்க, சுடப்படாத பறவையும் சாகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரி முதல் சதுப்பு நிலங்களிலும் அவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள்ளும் ஈய ரவையைச் சுடத் தடை விதித்திருக்கிறது. எது சதுப்பு நிலம் என்பதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது ராம்சர் உடன்படிக்கையின் வரையறை. நம் கழுவெளி 2024 ஆகஸ்டில் அதே ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. இங்கே வேட்டையே குற்றம் என்பதால் ரவை என்ன உலோகம் என்று கேட்க எந்தப் பிரிவுக்கும் வேலையில்லை. திருட்டுத்தனமாகச் சுடுகிறவன் ஈயத்தைத்தான் போடுகிறான். அந்த ஈயம் ஏரியில்தான் கிடக்கிறது.

தீர்ப்புக்கு வருகிறேன். மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி இல்லாமல் இந்தக் குற்றத்துக்கு வழக்குத் தொடர முடியாது என்று ஆயுதச் சட்டத்தின் 39ஆவது பிரிவு சொல்கிறது. பல வழக்குகள் அங்கேதான் கவிழும். இதில் அனுமதி ஒழுங்காக இருந்தது. இருவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. விவசாயிக்கு அபராதம். காவல்காரருக்கு ஓராண்டு என்பது கட்டாயம். ஆனால் போதுமான, சிறப்பான காரணங்களைத் தீர்ப்பில் பதிவு செய்து அதைவிடக் குறைவாக விதிக்க நீதிமன்றத்துக்கு அதே 25ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. நான் வீணாகக் கத்தினேன் என்று நினைத்திருந்த பால்ரஸ் வாதம் அங்கே உயிர்பெற்றது. பையில் இருந்தவை பயிர்க் காவலுக்கான குண்டுகளே, பறவைகள் கண்ணியில் பிடிபட்டவை என்ற கூற்றை மறுக்க ஆதாரமில்லை, துப்பாக்கி உரிமதாரரின் வேலைக்காகவே கைமாறியது என்று நீதிபதி மூன்று காரணங்களை எழுதினார். ஏற்கெனவே சிறையில் இருந்த நாட்களே தண்டனை என்று விட்டார். துப்பாக்கி பறிமுதல்.

ஜோத்பூரில் நடிகர் சல்மான் கான் மீது நடந்த வழக்குகளை எல்லாரும் அறிவார்கள். 1998இல் நடந்த அந்த வேட்டைக்காக அவர்மேலும் ஆயுதச் சட்டத்தில் ஒன்று, வனவுயிர்ச் சட்டத்தில் வேறு என்று தனித்தனியாகத்தான் வழக்குகள். துப்பாக்கி வழக்கில் 2017 ஜனவரியில் விடுதலை. மான் வழக்கில் 2018 ஏப்ரலில் ஐந்தாண்டு, அது மேல்முறையீட்டுக்குப் போனது. அங்கே மான் பிடித்துக்கொண்டது, துப்பாக்கி விட்டுவிட்டது. எங்கள் ஊர்க்காரருக்குப் பறவை விட்டது, துப்பாக்கி பிடித்தது.

விவசாயியின் அபராதம் சிறியது. அதற்குப் பின்னால் வந்ததுதான் பெரியது. உரிமம் ரத்தானது. புதிதாகக் கேட்கலாமே என்று மனுவோடு வந்தவரிடம் வனவுயிர்ச் சட்டத்தின் 34ஆவது பிரிவை வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. சரணாலயத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் புதிய ஆயுத உரிமம் எதையும் தலைமை வனவுயிர்க் காப்பாளரின் முன் இசைவு இல்லாமல் வழங்க முடியாது. தெற்கே ஊசுட்டேரி, வடகிழக்கே 5,151 ஹெக்டேருக்கு மேல் விரிந்த கழுவெளி. வரைபடத்தில் இரண்டையும் சுற்றிப் பத்து கிலோமீட்டர் அளந்து பாருங்கள், வானூர் வட்டத்தின் பெரும்பகுதி உள்ளே வந்துவிடும். பறவைக்காகப் போட்ட கோடு, ஏரியையே பார்க்காத ஊர்களிலும் வீட்டு மூலைவரை போகிறது. மனு போட்டார். பதில் வருவதற்குள் இரண்டு பட்டம் மல்லாட்டை போய்விட்டது. பக்கத்து நிலக்காரர் சிலர் ராத்திரியில் வேலிக் கம்பிக்குத் திருட்டு மின்சாரம் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். இந்த மாவட்டத்தில் அப்படிப் போட்ட கம்பியில் பன்றியோடு மனிதரும் செத்திருக்கிறார்கள். இவர் அதற்குத் துணியவில்லை. மல்லாட்டையை விட்டுவிட்டு சவுக்கு வைத்தார். பன்றி சவுக்கைத் தொடாது.

2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினரே சுடுவார்கள் என்று அறிவித்தது. கேரளத்தில் 2022லேயே உள்ளாட்சித் தலைவர்களுக்கு அந்த அனுமதியை வழங்கும் அதிகாரம் போய்விட்டது; அங்கே சுடுவது உள்ளூரில் உரிமம் உள்ளவர்கள். எது சரி என்பதில் என் கட்சிக்காரருக்கு ஒரு கருத்து இருக்கக்கூடும், சவுக்கு வெட்டுக்கு வந்த பிறகு கேட்க வேண்டும்.

வானூர், மரக்காணம், திண்டிவனம் பக்கத்தில் இதை வாசிக்கிறவர்களில் வீட்டில் பழைய நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். உரிமதாரர் இறந்துவிட்டால் அந்தப் புத்தகம் உங்களைக் காக்காது. ஆயுதச் சட்டத்தின் 21ஆவது பிரிவுப்படி துப்பாக்கியைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். உரிமம் உயிரோடு இருந்தால், சரணாலயத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறீர்களா என்று பார்த்து, வனத்துறையில் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள். காவலுக்கு ஆள் வைத்தால் தகர டப்பாவும் டார்ச்சும் கொடுங்கள், துப்பாக்கியைக் கொடுக்காதீர்கள்.